துருவின் குடித்தனக்காரர்கள்

வங்கதேசத்துக் கிராமங்களில் கைப்பம்புகளுக்கு வண்ணம் பூசினார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் பாத்திரம் கழுவலாம், குடிக்கக் கூடாது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் சிவப்பு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 10தான். அந்தக் கணக்கில் பார்த்தால் பச்சைப் பம்புகளிலும் பல தேறாது.

குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்குக்குப் பயந்துதான் 1970களில் குழாய்க்கிணறுகள் பெருகின. கிருமி போனது, நஞ்சு வந்தது. எந்த ஆலையும் அதைக் கொட்டவில்லை. இமயமலை அரிபட்டு வந்த வண்டல் மணலில், ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய துருப் படலம் உண்டு. ஆர்சனிக் அதில் ஒட்டிக்கொண்டே கீழே வந்தது.

துரு என்றால் ஒரே பொருள் இல்லை. புதிதாகப் படியும் பழுப்புத் துரு ஃபெர்ரிஹைட்ரைட். அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு கிராமின் மொத்தப் பரப்பை விரித்தால் ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை வரும். அவ்வளவு திண்ணை இருந்தால் வழிப்போக்கர்களுக்கு என்ன குறை? ஆர்சனிக், ஈயம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் வந்து ஒட்டுகின்றன. ஆனால் இந்தத் துரு நிலைத்து நிற்பதில்லை. நாளடைவில் கோத்தைட்டாகவோ ஹேமடைட்டாகவோ இறுகுகிறது. திண்ணை சுருங்குகிறது. நிக்கல் அயனி இரும்பின் அளவுக்கு நெருக்கமானது என்பதால் படிகத்துக்குள்ளேயே இடம் பிடித்துவிடும். ஈயம் உருவில் பெரியது. அதற்கு உள்ளே இடம் கிடைப்பது கடினம்.

வங்கத்தில் நடந்தது இதைவிட மோசம், அங்கே வீடே கரைந்தது. மண்ணில் புதைந்த தாவர மக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் கிடைக்காத ஆழத்தில் துருவின் இரும்பைக் கொண்டு சுவாசிக்கின்றன. இரும்பு நீரில் கரைகிறது, கூடவே ஆர்சனிக்கும் வெளியேறுகிறது. 1998இல் ‘நேச்சர்’ இதழில் இந்த விளக்கம் வந்தது. பாசனத்துக்கு நீர் இறைத்ததால் காற்று புகுந்து கந்தகக் கனிமங்கள் சிதைந்தன என்ற பேச்சு அதன்பின் வலுவிழந்தது.

எனக்கு அதிகம் வியப்பளித்தது வேறொன்று. உள்ளே இருப்பது வெளியேற, துரு முழுதும் கரைய வேண்டும் என்றுகூட இல்லை. கரைந்த இரும்பு அருகில் இருந்தாலே போதும். கோத்தைட் தன் அணுக்களைச் சுற்றியுள்ள நீரோடு மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐசோடோப்பு அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் ஒரு மாதத்தில் நுண்துகள்களின் இரும்பு ஏறக்குறைய முழுதும் மாறியிருந்தது, கனிமமோ அதே கோத்தைட். இரண்டாண்டு கழித்து, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அந்தப் பரிமாற்றத்தில் உள்ளே இருந்த நிக்கலும் துத்தநாகமும் வெளியே வருவதையும், வெளியே இருந்தவை உள்ளே போவதையும் காட்டினார்கள். பூட்டி வைத்தோம் என்று நினைத்த அறைக்குக் கதவே இல்லை.

வைத்தியமும் துருவிடமே இருந்தது. வங்கதேசத்துக் குஷ்டியாவில் பிறந்த வேதியியலர் அபுல் ஹுசாம், இரும்புத் துண்டுகளும் மணலும் கரியும் அடுக்கிய ‘சோனோ’ வடிகட்டியை உருவாக்கினார். இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க ஆர்சனிக் அதில் ஒட்டிக்கொள்ளும். 2007இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது.

வேலை முடிந்த அந்த இரும்பை எங்கே போடுவது? காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் கிடந்தால் ஆர்சனிக் துருவை விட்டு எளிதில் நகராது. குட்டைக் கரைச் சேற்றில் புதைத்தால், மக்கும் இலைதழையோடு பாக்டீரியாவுக்கு மறுபடி பந்தி விரித்தாற்போல்தான்.