காணி கையில் இல்லை. தொழில் கையில் இருக்கட்டும்

1990 இல் தமது ஊரைவிட்டு வெளியேறிய விவசாயக் குடும்பம் ஒன்றை அண்மையில் சந்தித்தேன். இன்றும் அவர்கள் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்கிறார்கள். "சுவாமி, மூத்தவன் சாதாரண தரத்தில கணிதம் தவறிப்போனான். இப்ப நாள் முழுக்க மெசினுகளோட மினக்கெடுறான்" என்று தாயார் குறைப்பட்டார். மகனோ அயலவரின் பழுதான இறைப்பு மெசினைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அது ஓடத் தொடங்கியது. தாய்க்கு அது வெட்கமாக இருந்தது. எனக்கோ, இந்தக் கைகளுக்குப் பாடசாலை என்ன கொடுத்தது என்ற கேள்வி எழுந்தது.

முன்பு எமது பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று வகுப்பறை. மற்றது தகப்பனின் வயல். மண்ணின் பதம், விதையின் தரம், நீர் பாய்ச்சும் நேரம் யாவற்றையும் பிள்ளை தகப்பனுக்குப் பின்னால் நடந்தே கற்றது. இடம்பெயர்ந்தபோது நாம் காணியை மட்டும் இழக்கவில்லை. அந்த இரண்டாவது பள்ளிக்கூடத்தையும் இழந்தோம். ஆகவே தொழிலைக் கற்பிக்கும் பொறுப்பு இன்று பாடசாலையின் மேல் விழுகிறது.

இது புதிய சிந்தனை அல்ல. 1930களில், கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது, கண்டிப் பகுதியின் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977 இல் ஆட்சி மாறிய பின் அவை கைவிடப்பட்டன. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கருவிகளும் போதாமை ஒரு காரணம். அதனிலும் பெரியது பெற்றோரின் சந்தேகம்: "எங்கட பிள்ளைக்கு மண்வெட்டி, பட்டணத்துப் பிள்ளைக்குப் பேனாவோ?"

அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஏழையின் பிள்ளையை ஒரு தொழிலுக்குள் அடைத்துவிட்டு மேலே செல்லும் கதவைப் பூட்டும் கல்வி, கல்வியே அல்ல. எனவே தொழிற்கல்வி பற்றி யார் பேசினாலும், "இதைப் படித்த பின் என் பிள்ளை எங்கே போகலாம்?" என்று முதலில் கேளுங்கள்.

இன்று அக்கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. தேசிய தொழிற் தகைமை ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அப்பட்டத்தை வழங்கவென 2008 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் தொழில்நுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் உயர்தர வகுப்பில் தொழிற்பிரிவைப் படிக்க வழி திறந்தது. பின்னர் அது வேறு பாடசாலைகளுக்கும் விரிந்தது.

பெற்றோராகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. தொழிற்பிரிவு அருகில் எந்தப் பாடசாலையில் உள்ளதென்று அதிபரிடம் விசாரியுங்கள். தனியார் நிலையம் ஒன்றில் பணம் கட்டுமுன், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, சான்றிதழ் எந்தப் படிக்குரியது என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளைத் தையலோடு நிறுத்திவிடாதீர்கள்; மின்னிணைப்பும் கணினியும் அவர்களுக்கும் உரியவையே. வேலை செய்தே மேசன் தொழிலையோ தச்சுத் தொழிலையோ பழகிய பெரியவர்களும், தமது திறமையைப் பரிசோதிக்கச் செய்து அதே தகைமையைப் பெறலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "படிப்பு ஏறாதவனுக்குத்தான் தொழில்" என்ற பேச்சை வீட்டில் விட்டுவிடுவோம். தோற்றவனுக்கு இடும் தண்டனையாகத் தொழிலைக் காட்டினால், எந்தப் பிள்ளை அதை விரும்பிக் கற்கும்? வயலைக் காலால் மிதித்து வளர்ந்த எமக்குக் கையால் உழைப்பது இழிவென்று யார் சொல்லித் தந்தது?

விடைபெறும்போது அந்தத் தாயிடம் ஒன்றே சொன்னேன்: "அம்மா, அவன் மினக்கெடவில்லை; படிக்கிறான். அந்தப் படிப்புக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுங்கோ." எமது காணி என்று திரும்பக் கிடைக்குமோ தெரியாது. ஆனால் பிள்ளை கற்ற தொழிலை எந்த இடப்பெயர்விலும் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை.