உலக வங்கியின் நாற்காலியும் நம் சங்கத்து வாக்கும்

சென்ற மாதம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். குறித்த நேரத்திற்குக் கோரம் சேரவில்லை. காத்திருந்த வேளையில், தறியிலிருந்து நேரே எழுந்து வந்தவர் போலத் தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்த பெரியவர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா, உலக வங்கிக் கடன், உலக வங்கிக் கடன் என்று பேசிக்கொள்கிறார்களே, அந்த வங்கிக்குத் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவர்களுக்கும் நம்மைப்போல் மகாசபை உண்டா?" என்று வினவினார். அன்று நான் சுருங்கக் கூறிய விடையை, அங்கத்தினர் யாவருக்கும் பயன்படும் பொருட்டு இங்கே சற்று விரித்துரைக்கிறேன்.

இக்கேள்வி நமக்குத் தொடர்பில்லாத ஒன்றன்று. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையைச் சீரமைக்கவும், 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தின் வழியே ஏரி, வாய்க்கால்களைச் செப்பனிடவும் உலக வங்கி கடன் அளித்தது. கடன்பத்திரத்தில் கையொப்பமிடுவது அரசாங்கமே எனினும், அதைத் திருப்பிச் செலுத்துவது மக்களின் வரிப்பணமன்றோ? ஆதலால், கடன் கொடுக்கும் ஸ்தாபனத்தை நடத்துவோர் யார் என அறிந்துகொள்ளுதல் நமது உரிமையாகும்.

1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரெட்டன்வுட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகள் கூடி இவ்வங்கிக்கு அடிகோலின. இந்தியத் தூதுக்குழுவில் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றிருந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக விளங்கியவர் அவரே. அங்கு வகுத்த விதிப்படி, ஒவ்வொரு நாட்டிற்கும் சமமாகக் கிடைக்கும் வாக்கு சொற்பமே. எஞ்சியவையெல்லாம் பங்குத் தொகைக்கு ஏற்ப அமைவன. இன்றும் அமெரிக்காவின் கையில் ஏறத்தாழ 16 சதவீத வாக்குகளும், நூற்று நாற்பது கோடி மக்களுடைய இந்தியாவின் கையில் ஏறத்தாழ 3 சதவீத வாக்குகளும் உள்ளன. வங்கியின் மூல விதிகளைத் திருத்துவதற்கு 85 சதவீத வாக்குகள் வேண்டும்; எனவே அமெரிக்கா தனித்து நின்றே எத்திருத்தத்தையும் தடுத்துவிட இயலும்.

தலைவரை ஐந்தாண்டுக் காலத்திற்குத் தேர்ந்தெடுப்போர் 25 நிர்வாக இயக்குநர்கள். அவர் அமெரிக்கராகவே இருத்தல் வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் 1946இல் பதவியேற்ற யூஜீன் மேயர் முதலாக, முறைப்படி தேர்வான தலைவர் யாவரும் அமெரிக்கக் குடிமக்களே. 2012இல் நைஜீரிய நிதி மந்திரியாயிருந்த ங்கோசி ஒகோஞ்சோ-இவெயாலா போட்டியிட்டும், அமெரிக்கா முன்மொழிந்த ஜிம் யோங் கிம் அவர்களே வெற்றி பெற்றார். 2023 ஜூன் மாதத்தில் பதவியேற்ற அஜய் பங்கா நம் நாட்டில் பூனாவில் பிறந்தவர். அது நமக்குப் பெருமையே. ஆனால் அவரை முன்மொழிந்தது இந்தியா அன்று, அமெரிக்கா.

மணிலாவில் 1966இல் தோன்றிய ஆசிய வளர்ச்சி வங்கியின் நிலையும் வேறன்று. அங்கு ஜப்பானும் அமெரிக்காவும் பெரும் பங்குதாரர்கள். அன்று தொட்டு இன்றுவரை தலைவர்கள் எல்லோரும் ஜப்பானியரே.

மாற்று வழி காண முயன்றோரும் உண்டு. இந்தியா, சீனா, ருஷ்யா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் சமபங்கு செலுத்தி, 2015இல் ஷாங்காயில் புதிய வளர்ச்சி வங்கியைத் திறந்தன. ஸ்தாபக நாடுகள் சுழன்றுவரும் முறையில் தலைமைப் பதவியைப் பெறும் என்பது அதன் ஏற்பாடு. முதல் தலைவர் நம் நாட்டு கே. வி. காமத். அவருக்குப்பின் 2020இல் பிரேசில் நாட்டவர் ஒருவரும், 2023இல் அதே நாட்டின் தில்மா ரூசெஃப் அம்மையாரும் தலைமை ஏற்றனர். அடுத்து ருஷ்யாவின் முறை வந்தபோதிலும், 2025இல் அம்மையாரே மீண்டும் தேர்வானார். விதி நன்றாயிருப்பினும், அதை நடத்துவோரின் இசைவைப் பொறுத்தே பலன் அமைகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி நம் சங்கத்திற்கு வருவோம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை கண்டனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அம்மரபில் வந்த நம் சங்கங்களில் ஆளுக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றே. ஒரே பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றே. உலக வங்கியில் இந்தியா போன்ற பெருநாட்டிற்கும் கிட்டாத சமத்துவம், இங்கே ஒற்றைத் தறி வைத்திருக்கும் ஏழைக்குக் கிட்டியிருக்கிறது.

இதற்கு நம் மண்ணிலும் ஒரு முன்மாதிரி உண்டு. வீராணம் ஏரியின் பெயர், வீரநாராயணன் என்ற விருதுப்பெயர் பூண்ட முதலாம் பராந்தக சோழனால் வந்தது. அவன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. நிலமும் கல்வியும் உடையோர்க்கே அன்று அவ்வுரிமை இருந்தது, அக்குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறித்துவைத்தனர்!

அங்கத்தினர்களே, அங்கே சிறிய நாட்டின் வாக்கிற்கு வலிமை இல்லை. இங்கே வலிமையுள்ள வாக்கு வீட்டில் உறங்குகிறது. வராதவரின் வாக்கு வீணாவதுடன் நில்லாது, வந்த சிலரின் கையைப் பலப்படுத்துகிறது. பின்னர் நூல் பங்கீட்டில் குறை, கூலியில் தாமதம், பயிர்க்கடனில் பாரபட்சம் என்று தெருவில் நின்று பேசுவதால் பயன் யாது? மகாசபைக்கு வாருங்கள்; வரவு செலவைக் கேளுங்கள்; தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள்; தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள்.

அன்று ஒரு மணி நேரம் கழித்துக் கோரம் சேர்ந்தது. முதற்கேள்வி கேட்க எழுந்தவர் அப்பெரியவரே. நூல் இருப்புக் கணக்கைப் படிக்குமாறு கேட்டார், கணக்கும் படிக்கப்பட்டது.