நாய்க்கு வியர்க்காது, பூனைக்கு மாத்திரை ஆகாது

புதுக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்கள் திருச்சிக்குத் தெற்கே இருக்கும் மாவட்டத் தலைநகரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். இது அதுவல்ல, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் வரும் புதுக்கோட்டை. கிழக்கே போனால் உப்பளமும் கடலும். மேற்கேயும் வடக்கேயும் வெயில் காய்கிற வறண்ட நிலம். கேரளத்தில் மழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே புழுதிக்காற்றுதான் அடிக்கும். மாவட்டத்துக்கு ஆண்டு முழுதும் கிடைப்பதே ஏறக்குறைய 65 செ.மீ. மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து தீர்ந்துவிடும். ஆக, இங்கே நாயும் பூனையும் வளர்ப்பவருக்குப் பருவம் இரண்டே இரண்டு: முடியாத வெக்கை, திடீரென்று வரும் தண்ணீர்.

வெக்கையிலிருந்து தொடங்குவோம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கும் பூனைக்கும் பாத மெத்தையில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும்; அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது களைப்பினால் மட்டுமல்ல, அதன் குளிரூட்டும் ஏற்பாடே அதுதான். சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சுவிடும் நாய், இரைக்கும்போது 300 தடவைக்கு மேலும் விடும். அந்தக் காற்று நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கிற ஈரத்தை ஆவியாக்கி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறைந்துபோகும். கத்திரி வெயிலில் மதுரையை விடத் தூத்துக்குடியில் இரண்டு டிகிரி குறைவு என்று நாம் ஆறுதல் அடையலாம். கடற்காற்றின் ஈரத்தில் இரைக்கிற நாய்க்கு அந்த ஆறுதல் கிடையாது.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும், அதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் 105-ஐத் தாண்டினால் ஆபத்து. எச்சில் கெட்டியாகி வழியும், ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவக்கும், நடை தள்ளாடும், வாந்தி வரும். இந்த நிலையில் முதல் வேலை ஆஸ்பத்திரிக்கு ஓடுவதல்ல, தண்ணீர் ஊற்றுவது. நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் எங்கும் ஊற்றி, மேலே மின்விசிறியைச் சுழல விடுங்கள். ஈரத் துண்டால் போர்த்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பு தணியத் தொடங்கியதும் வண்டி எடுக்கலாம். பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தால் காத்திருக்கவே வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கி எச்சிலால் குளிர்வித்துக்கொள்ளும் பிராணி. அது இரைக்கிறது என்றால் நிலைமை கைமீறிவிட்டது.

இந்த மண்ணுக்கென்றே அமைந்த நாய்கள் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் முயல் விரட்டிய கன்னியும் சிப்பிப்பாறையும் ஒட்டிய வயிறு, நீண்ட கால், குட்டை மயிர் கொண்டவை. உடம்பில் கொழுப்பு கம்மி, வெப்பம் எளிதில் வெளியேறிவிடும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு முதன்முதலாகப் பதிவு செய்த இந்திய நாயினங்கள் மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். மூன்றில் இரண்டு நம் தெற்கத்திச் சீமையைச் சேர்ந்தவை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, சைபீரியப் பனிக்கு அடுக்கு மயிரோடு பிறந்த ஹஸ்கியைக் கடன் வாங்கியாவது கொண்டுவந்து மொட்டைமாடியில் கட்டிப்போடுகிறோம். மூக்கு சப்பையான பக் நாய்க்கு இரைக்கவே சரியான மூச்சுப்பாதை கிடையாது. வாங்கியாகிவிட்டது என்றால், காலை ஆறு மணிக்கு முன்னும் ராத்திரி எட்டுக்குப் பின்னும் மட்டும் நடக்கவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் அதற்கு ஒரு சாக்காவது விரித்துக் கொடுக்க வேண்டும். வெயிலுக்கு உதவிய அதே மெல்லிய மயிர் ஈரத்துக்கும் குளிருக்கும் உதவாது.

உப்பளத்துப் பக்கம் அவிழ்த்துவிடும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தாகத்தில் பாத்தித் தண்ணீரைக் குடித்துவிட்டால் நாயின் ரத்தத்தில் உப்பு ஏறி முதலில் வாந்தி, பிறகு வலிப்பு வரை போகும். போகிற இடத்துக்கு நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் கையோடு இருக்கட்டும்.

இனி உண்ணி. குளிர்நாட்டில் அதற்கு ஒரு பருவம் உண்டு. இங்கே பன்னிரண்டு மாதமும் அதன் பருவம்தான். நாயின் காதை மடித்து உள்ளே பாருங்கள், பிறகு கால்விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். தட்டையாகப் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருப்பது ஆண், அல்லது இன்னும் ரத்தம் குடிக்காத பெண். குடித்து முடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருக்கும். அது தானே உதிர்ந்து, சுவர் வெடிப்பில் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நாய் மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கும், தோலுரித்து மறுபடி ஏறும், இறங்கும், மூன்றாம் முறை பெரிய உண்ணியாக ஏறும். இதை மனதில் வைத்தால் ஒரு விஷயம் புரியும்: எந்த நேரத்திலும் உண்ணிக் கூட்டத்தின் பெரும்பங்கு நாய் மேல் இல்லை, உங்கள் சுவரிலும் நாய்க்கூண்டின் பலகை இடுக்கிலும்தான் இருக்கிறது. நாயை மட்டும் மருந்துபோட்டுக் குளிப்பாட்டினால் பத்தே நாளில் பழைய கதைதான். வெடிப்பைப் பூசி அடைக்க வேண்டும். படுக்கைச் சாக்கை மாற்ற வேண்டும். நாய்க்கு டாக்டர் எழுதித் தரும் உண்ணி மாத்திரையை இடைவெளி தவறாமல் கொடுக்க வேண்டும். அதில் மாதம் ஒன்று கொடுப்பதும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்றும் உண்டு. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிடுங்கும்போது தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் சிகரெட்டால் சுடுவதும் நாய்க்குத்தான் தண்டனை.

அரிப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. இந்தப் பழுப்பு உண்ணிதான் எர்லிக்கியா என்ற நுண்ணுயிரையும், சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் பபீசியாவையும் கொண்டுவருகிறது. நாய் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், சிலவற்றுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வடியும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாய்க்கு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பிவிடும். காகிதம் மாதிரி வெளுத்தே கிடந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாளே நாய் வாலாட்டத் தொடங்கிவிடும், நாமும் மருந்தை நிறுத்திவிடுவோம். அங்கேதான் நோய் மறுபடி தலைதூக்குகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வசதி இல்லையென்றால் ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தொலைவில் இல்லை, இதே சாலை திருநெல்வேலிக்குத்தான் போகிறது.

பூனை வீட்டில் இருந்தால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தனியே பூட்டி வையுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையை உதறி உதறிச் சாகடிக்கும். அதைவிடப் பெரிய எமன் நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. காய்ச்சல் கண்ட பூனைக்குப் பாரசிட்டமாலைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கிற பாசக்காரர்கள் உண்டு. அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற நம் ஈரலில் இருக்கும் நொதி பூனை இனத்துக்கே ஒழுங்காக வேலை செய்வதில்லை. அதற்கான மரபணு பழுதாகிவிட்டது. சிங்கம், புலிக்கும் இதே கதைதான். வெளியேறாத மருந்து நஞ்சாகி ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு சிறு துண்டே உயிரை எடுக்கும்.

கடற்கரைப் பூனைக்கு மீன்தான் சாப்பாடு, அதில் தப்பில்லை. ஆனால் நெத்திலி, சாளை போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தினமும் போட்டால் அவற்றில் உள்ள ஒரு நொதி தயாமின் வைட்டமினை அழித்துவிடும். பூனை தலை தொங்கித் தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். கருவாட்டை அளவோடு வையுங்கள். வெயில் மாதத்தில் தண்ணீர் குறைந்து, ஆண் பூனை மணல் தொட்டியில் முக்கிக்கொண்டே இருந்து சொட்டு மூத்திரமும் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல, மூத்திரக்குழாய் அடைப்பு. ஒரு நாள் தள்ளினால் உயிர் போய்விடும்.

தீபாவளியை நாய் வெறுக்கக் காரணம் கோழைத்தனம் அல்ல. நம் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு 45,000, பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். தமிழ்நாட்டில் வெடி போட அரசு ஒதுக்கியிருப்பது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரை. சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதை யார் மதிக்கிறார்கள்? அன்றைக்கு உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, டி.வி.யைச் சத்தமாக வைத்து, கழுத்துப்பட்டையில் போன் நம்பரை எழுதிவிடுங்கள். மிரண்டு ஓடிய நாய் திரும்பி வர அந்த நம்பர்தான் துணை.

வெடி ஓய்வதற்குள் மழை வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ஓராண்டு மழையை விட அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தூத்துக்குடி–திருநெல்வேலி போக்குவரத்து நின்றது, ஆயிரக்கணக்கில் ஆடு மாடுகள் செத்தன. பூனை எப்படியும் மேலே ஏறிக்கொள்ளும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு அந்த வாய்ப்பில்லை. வீட்டை விட்டுப் போக வேண்டிய நிலை வந்து, கூட்டிப்போகவும் முடியவில்லை என்றால், கட்டையாவது அவிழ்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரத்தில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி, தேங்கிய நன்னீரிலும் சகதியிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், காய்ந்தால் சாகும். அந்தத் தண்ணீரைக் குடித்த, அதில் நடந்த நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் கெட்டுக் கண் மஞ்சளாகும். வருடாந்திரக் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கும் மருந்து சேர்ந்திருக்கிறது. கார்த்திகையில் ஓடுவதை விட ஆவணியிலேயே போட்டுவிடுவது நல்லது. நோய் கண்ட நாயின் மூத்திரத்திலும் கிருமி வெளிவரும். கையுறை இல்லாமல் அதைக் கழுவாதீர்கள். சில நாள் கழித்து உங்களுக்கே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.