மணி கோக்கும் கைகளும் சங்கப் பதிவேடும்

நெசவும் வேளாண்மையும் நமது கூட்டுறவு இயக்கத்தின் இரு கண்கள் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். எனினும் இவ்விரு தொழில்களும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை தருவனவல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு காயாது, குழித்தறியில் நீர் ஊறும், தறி ஓய்ந்துவிடும். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வயலிலும் வேலை இராது. இவ்விடைக்காலத்தில் இல்லத்திலிருந்தவாறே, பெரு முதலின்றிச் செய்யத்தக்க துணைத் தொழில்களுள் ஒன்று மணிமாலை கோத்தல். புதுச்சேரியின் வடபால் நெசவாளர் மிகுதியாக வாழ்ந்துவந்த முத்தியால்பேட்டை போன்ற பகுதிகளுக்கு இது மிகவும் பொருந்தும். பேட்டையின் பெயரிலேயே முத்து இருக்கின்றதன்றோ! இத்தொழிலின் வரலாறு, செய்முறை, கணக்கு ஆகிய மூன்றையும் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

அரிக்கமேடு கூறும் செய்தி

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கின்றது. 1945-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். இத்தாலி நாட்டு மட்கலத் துண்டுகள் கிடைத்தமையால், அவ்வூர் 2000 ஆண்டுகளுக்கு முன்பே மேல்நாடுகளோடு வாணிபம் செய்தது என்பது உறுதியாயிற்று. பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் தலைமையிலான குழுவினரும் அங்கே ஆய்ந்தனர்.

அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளும், கல்மணிகளும், அவற்றைச் செய்யும்போது கழிந்த துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஆகவே மணிகள் அங்கு விற்கப்பட்டதோடு அங்கேயே செய்யப்பட்டன என்பதும் தெளிவு. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகளுக்குப் பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். இவ்வகை மணிகள் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் தென்கிழக்காசியா வரை கிடைத்துள்ளன. ஆந்திர நாட்டில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாபநாயுடுப்பேட்டையில் இக்குழாய் இழுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் கையாளப்பட்டு வந்தது. அங்கே ஆடவர் உலையில் நின்று குழாய் இழுக்க, மணிகளைக் கோத்துச் சரமாக்கும் வேலையைப் பெண்டிர் செய்தனர்.

அரிக்கமேட்டின் பானை ஓடுகளில் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பானைக்கு உரியவரின் பெயர் நமக்குக் கிடைத்தது. ஆனால் கடல் கடந்த அம்மணிகளை இழைத்தவர், கோத்தவர் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை. இக்குறை இன்றும் தீர்ந்தபாடில்லை என்பதே நாம் கவலையோடு எடுத்துரைக்க விரும்பும் செய்தி.

செய்முறை

மணிமாலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: மெல்லிய ஊசி, கத்தரிக்கோல், சிறு குறடு, அளவு நாடா, மணி சிதறாதிருக்க வெள்ளைத் துணி விரித்த ஒரு முறம். முதல் வேலை மணிகளைத் தரம் பிரித்தல். அளவு பிசகியவற்றையும், துளை கோணியவற்றையும், விளிம்பு கூரியவற்றையும் விலக்கிவிட வேண்டும். கூரிய விளிம்பு நாளடைவில் நூலை அறுத்துவிடும். பண்டைக் கைவினைஞர் மணியை மறுமுறை சூடேற்றி மழுக்கியதன் பயனை இதிலிருந்து உணரலாம்.

அடுத்தது நூல். இதில் நெசவாளர் குடும்பத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தனி இழைப் பருத்தி நூல் வியர்வையில் நைந்துபோகும். நன்கு முறுக்கிய பட்டு நூலோ, பாலியெஸ்டர் நூலோ ஏற்றது. தேன்மெழுகு தடவினால் சிக்கல் விழாது. விலையுயர்ந்த மணிகளாயின் இரு மணிகளுக்கிடையே ஒரு முடிச்சு இடுதல் வேண்டும். மாலை அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் இழப்பு நேராது.

கணக்கறிந்து கோத்தலும் இன்றியமையாதது. 18 அங்குல மாலைக்கு 4 மில்லிமீட்டர் மணிகள் சுமார் 114 பிடிக்கும். முடிச்சிட்டுக் கோத்தால் நூற்றுக்குச் சற்றுக் குறையும். கோத்து முடிந்தபின் கொக்கியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்த பின்னரே மாலையைக் கட்டில் சேர்க்க வேண்டும்.

வேளாண் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. துளசித் தண்டிலிருந்து கடைந்தெடுக்கும் மணிகளும், தாமரை மணிகளும் கோயில் நகரங்களில் என்றும் விலை போவன. ஆனால் ஓர் எச்சரிக்கை: குன்றிமணியின் அழகைக் கண்டு அதனைத் துளையிட்டுக் கோக்கலாகாது. அதனுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கின்றது. மேலோடு உடைந்த விதையும், துளையிடும்போது எழும் தூளும் தீங்கு விளைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை வைத்திருப்பதே தவறு.

கூலிக் கணக்கு

இத்தொழிலில் பெரும்பாலும் நிகழ்வது யாது? வியாபாரி மணியையும் நூலையும் நிறுத்துக் கொடுப்பார். கோத்த மாலைக்கு இவ்வளவு என்று கூலி தருவார். ஒரு கணக்குக்காக, மாலை ஒன்றுக்குக் கூலி ரூ.15 என்றும், கோக்க 75 நிமிடம் ஆகின்றது என்றும் கொள்வோம். அப்படியாயின் மணிக்கு ரூ.12, எட்டு மணி நேரம் குனிந்திருந்தால் ரூ.96. தரம் பிரித்த நேரம், வியாபாரியின் கடைக்கு நடந்த நேரம், கழித்துத் தள்ளிய மாலைகளின் நட்டம் ஆகியவை இதில் சேரவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் வருவதுதானே’ என்று கூறுவோர் உளர். நெசவாளர் இல்லங்களில் தார் சுற்றும் பெண்மணியின் உழைப்பும் இவ்வாறே நெய்பவர் கூலிக்குள் மறைந்து போயிற்று. சும்மா இருக்கும் நேரம் என்று நாம் எண்ணுவது, அடுப்புக்கும் தறிக்கும் குழந்தைக்கும் நடுவே அவர் தம் ஓய்வைக் குறைத்துக்கொண்டு எடுத்த நேரமாகும். அந்நேரத்துக்கு விலை உண்டு.

வீட்டிலிருந்து உழைப்போரும் ஏனைய தொழிலாளரைப் போலவே நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. நமது நாட்டிலும் 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சட்டத்திலும், பின்வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் வீட்டுத் தொழிலாளி என்பார் யார் என வரையறுக்கப்பட்டுள்ளது. சட்டத்தில் பெயர் உண்டு. கூலிக் கணக்கில் அப்பெயர் ஏற வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

வழி இல்லாமலில்லை. 1959 மார்ச் 15-ஆம் நாள் பம்பாயில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடனோடு அப்பளத் தொழில் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. பிசைந்த மாவைக் கிளையில் பெற்று, வீட்டில் உருட்டி, மறுநாள் நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுவது அங்கே முறை. வேலை வீட்டில் நடந்தபோதிலும், உழைக்கும் பெண் ஒவ்வொருவரும் நிறுவனத்தின் உடைமையாளராகவே கருதப்படுகின்றார். மணிமாலைக்கும் இம்முறை பொருந்தும்.

முதலாவதாக, மணி, நூல், கொக்கி ஆகியவற்றைச் சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்கு வழங்கலாம். இரண்டாவதாக, கோப்பவர் ஒவ்வொருவரும் ஒரு நேரப் புத்தகம் வைத்துக்கொண்டு, மாலைதோறும் ஆன நேரத்தைக் குறித்து வரவேண்டும். மூன்றாவதாக, விலையை அந்நேரத்திலிருந்தே நிர்ணயிக்க வேண்டும். சரக்கு ரூ.60, ஒன்றேகால் மணி நேரக் கூலி மணிக்கு ரூ.48 வீதம் ரூ.60, கழிவும் பெட்டியும் ரூ.10 என்று வைத்துக்கொண்டால் அடக்கம் ரூ.130. சங்கத்தின் செலவுக்கும் சேமநிதிக்கும் பத்திலொரு பங்கு ரூ.13 சேர்த்தால் விலை ரூ.143. எண்கள் ஊருக்கு ஊர் மாறலாம். உழைப்பின் நேரத்தைக் கணக்கில் வைக்கும் முறை மாறலாகாது.

நான்காவது, நம் எண்ணத்தில் தலையாயது. கோக்கும் பெண்மணியைச் சங்கத்தில் அவர் பெயரிலேயே பங்கு வாங்கச் செய்ய வேண்டும். கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ கணக்கு வைத்துவிட்டு, கூலியை மட்டும் இவர் கையில் கொடுப்பது கூட்டுறவாகாது. பங்கு அவருடையதாயின் பொதுப் பேரவையில் வாக்கும் அவருடையது; கூலி விகிதம் குறைவெனின் எழுந்து கேட்கும் உரிமையும் அவருடையது; ஆண்டிறுதியில் வரும் இலாபப் பங்கும் அவருடையது.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. இயன்ற அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்துப் பெண்மணிகளோடு சென்று அவற்றை ஒருமுறை காணுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றைக் கோத்தவர் யார் என்று இனி எவராலும் கூற இயலாது. நம் காலத்து மாலைகளைக் கோப்பவரின் பெயரையேனும் சங்கப் பதிவேட்டில் எழுதி வைப்போமாக!