பதவிக்கு வேலி கட்டிய உரோமையர்

ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது இயேசு, மரியா என்னும் பெயர்களோடு மூன்றாவதாக ஒரு மனிதரின் பெயரையும் நாம் சொல்கிறோம். அவர் ஓர் உரோமை அதிகாரி, பொந்தியு பிலாத்து. தம்முன் நிற்பவர் குற்றமற்றவர் என்று தெரிந்தும் அவரைச் சிலுவைச் சாவுக்குக் கையளித்தவர். தெரிந்தும் ஏன் அப்படிச் செய்தார்? கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அவர் அமர்ந்திருந்த இருக்கை எத்தகையது என்பதையும் பார்த்தால்தான் விடை முழுமை பெறும். அதற்கு நாம் 500 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இருவர், ஓராண்டு

கி.மு. 509-இல் தங்கள் கடைசி அரசனைத் துரத்தியதாக உரோமையர் நம்பினர். ஆனால் அரசனுக்கு இருந்த அதிகாரத்தை அவர்கள் அழித்துவிடவில்லை, பங்கிட்டார்கள். 'கான்சல்' எனப்பட்ட இருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். போரில் படையை நடத்துவதும், செனட் அவையைக் கூட்டுவதும் இவர்களது பொறுப்பு. ஒருவர் எடுக்கும் நடவடிக்கையை மற்றவர் தடுத்து நிறுத்தலாம். ஆண்டுகளைக்கூட அந்த ஆண்டின் கான்சல்கள் பெயரைச் சொல்லியே குறிப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய பதவி! ஆனாலும் அது 12 மாதங்களுக்கு மட்டுமே.

கான்சல் தெருவில் நடக்கும்போது அவருக்கு முன்னே 12 ஏவலர்கள் கோல்கட்டுகளைச் சுமந்து செல்வார்கள். அடிக்கவும் தலையை வெட்டவும் அவருக்கு உள்ள அதிகாரத்தின் அடையாளம் அது. வெளியே போர்க்களத்தில் அந்தக் கட்டுக்குள் கோடரி இருக்கும். உரோமை நகர எல்லைக்குள் வந்ததும் கோடரியைக் கழற்றிவிட வேண்டும். குடிமக்கள் நடுவில் கான்சலின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதை அது எல்லாருக்கும் காட்டியது.

நாட்டுக்குப் பேராபத்து வந்தால் முழு அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் 'டிக்டேட்டர்'. அவருக்கும் 6 மாதங்களே உச்ச வரம்பு. கி.மு. 458-இல் வயலில் உழுதுகொண்டிருந்த சின்சினாட்டசை அழைத்து இப்பதவியைத் தந்தார்கள் என்றும், அவர் பகைவரை வென்று பதினாறாம் நாளிலேயே பதவியைத் துறந்து தம் நிலத்துக்குத் திரும்பினார் என்றும் வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார்.

மூன்றாவது வேலி ஒன்றும் இருந்தது. உயர் பதவியில் இருக்கும்வரை ஒருவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது; பதவி முடிந்த பின் தொடுக்கலாம். சிசிலித் தீவை மூன்று ஆண்டுகள் ஆண்டு கொள்ளையடித்த வெர்ரெஸ்மீது கி.மு. 70-இல் சிசரோ வழக்கு நடத்தினார். சாட்சிகளின் வலிமையைக் கண்ட வெர்ரெஸ், தீர்ப்பு வரும் முன்னரே நாட்டைவிட்டு வெளியேறினான்.

இதை நாம் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. கான்சல் தேர்தலில் செல்வரின் வாக்குக்கே எடை அதிகம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கே இல்லை. வாக்குக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்க மீண்டும் மீண்டும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் எந்த மனிதரையும் எல்லையின்றி நம்பக் கூடாது என்பதை மட்டும் உரோமையர் நன்கு அறிந்திருந்தார்கள்.

வேலி சாய்ந்தது

சாய்வு சிறிது சிறிதாகத்தான் வந்தது. போர் ஆபத்தைக் காரணம் காட்டி, மாரியுசைக் கி.மு. 104 முதல் 100 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கான்சலாக்கினார்கள். கி.மு. 82-இல் சுல்லா கால வரம்பில்லாத டிக்டேட்டர் ஆனார். பின்னர் தாமாகவே பதவி விலகினார். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் டிக்டேட்டர் ஆனார். அதே ஆண்டு மார்ச் 15-இல் செனட் உறுப்பினர்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள். ஆளைக் கொன்றார்களே தவிர, சாய்ந்த வேலியை நிமிர்த்த அவர்களால் முடியவில்லை. அவருக்குப் பின் அகுஸ்து வந்தார். கான்சல்கள் முன்போலவே ஆண்டுதோறும் வந்துபோனார்கள். அதிகாரமோ சீசரின் மாளிகைக்குப் போய்விட்டது.

பிலாத்தின் இருக்கை

இந்தப் பின்னணியில் பிலாத்தைப் பாருங்கள். கி.பி. 26 முதல் 36 வரை அவர் யூதேயாவை ஆண்டார். 1961-இல் செசரியாவில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு அவரது பதவியைப் 'பிரிஃபெக்ட்' என்கிறது. மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தடுத்துச் சொல்ல உடன் அதிகாரி எவரும் இல்லை. இத்தனை ஆண்டு என்ற வரையறையும் இல்லை. சீசருக்குப் பிடித்திருக்கும்வரை பதவி. அதனால்தான், இவரை விடுவித்தால் சீசருக்கு நீர் நண்பரல்ல என்று கூட்டத்தினர் கத்தியதும் பிலாத்து ஆடிப்போனதை யோவான் நற்செய்தி காட்டுகிறது. மேலே இருக்கும் ஒருவருக்கு மட்டுமே கணக்குக் கொடுக்கிறவர், கீழே நிற்கும் எளியவரைக் காண்பது அரிது. அவ்வளவு பாடுபட்டுக் காத்த பதவியும் அவருக்கு நிலைக்கவில்லை. சமாரியர் கொடுத்த புகாரால், சிரியாவின் ஆளுநர் வித்தெல்லியு அவரை விசாரணைக்காக உரோமைக்கு அனுப்பினார்.

வேலி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் கல்லியோ, ஓராண்டுக் காலப் பதவியில் அக்காயாவை ஆண்டவர். பவுலுக்கு எதிரான பொய் வழக்கைச் சரியாகவே தள்ளுபடி செய்தார். ஆனால் அதே நடுவர் இருக்கைக்கு முன்னால் சொஸ்தேனைப் பிடித்து அடித்தபோது அவர் கண்டுகொள்ளவில்லை. வேலி தீமையைக் குறைக்கும். நன்மையை மனச்சான்றுதான் செய்ய வேண்டும்.

நாம் யாரும் கான்சல் ஆகப் போவதில்லை. ஆனாலும் பங்குப் பேரவையிலோ, சங்கத்திலோ, அலுவலகத்திலோ, வீட்டிலோ நமக்கும் ஒரு சிறு இருக்கை உண்டு. அதில் அமரும்போது மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். நமக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? இந்தப் பொறுப்பை விட்டு எழும் நாளை நாம் நினைத்துப் பார்க்கிறோமா? எழுந்த பின் நம் கணக்கைக் கேட்டால், அதை விரித்துக் காட்ட நம்மால் முடியுமா?