அயானா, தேவாங்கா, அர்ஜுனா? கபடியில் இப்போதைய நம்பர் 1 ரெய்டர் யார்?

திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் ஒரு புரோ கபடி மேட்சை செல்போனில் முழுசா பார்த்துவிடலாம். பாதிக்கு 20 நிமிடம், நடுவில் ஒரு சின்ன இடைவேளை, அவ்வளவுதான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கூட்டம் இருந்தால் ஹைலைட்ஸும் சேர்த்தே முடிந்துவிடும். முடியாமல் இழுப்பது அதற்குப் பிறகு வரும் சண்டைதான்: இப்போ இருக்கிற ரெய்டர்களில் யார் பெஸ்ட்?

12-வது சீசன் 2025 ஆகஸ்ட் 29-ம் தேதி விசாகப்பட்டினத்தில் தொடங்கி, அக்டோபர் 31-ம் தேதி டெல்லியில் முடிந்தது. இறுதிப்போட்டியில் புனேரி பல்தானை 31-28 என்ற கணக்கில் வீழ்த்தி தபாங் டெல்லி கோப்பையைத் தூக்கியது. ஆனால் அந்த சீசனில் அதிக ரெய்டு பாயின்ட் எடுத்தவர் டெல்லி வீரர் கிடையாது. புனே வீரரும் கிடையாது. பாட்னா பைரேட்ஸின் அயான் லோச்சாப், 316 பாயின்ட். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சிக்கல் கபடிக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அமெரிக்கன் ஃபுட்பாலில் குவாட்டர்பேக் என்று ஒருவர் இருப்பார். அணியின் ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையில் இருந்துதான் தொடங்கும். பேட்ரிக் மஹோம்ஸிடம் மூன்று சூப்பர் பவுல் பட்டங்கள் இருக்கின்றன. ஜாஷ் ஆலனிடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 2024 சீசனின் மிக மதிப்புமிக்க வீரர் விருது ஆலனுக்குத்தான் போனது. அதே சீசனில், இறுதிப்போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் மஹோம்ஸின் அணி ஆலனின் அணியை 32-29 என்று வெளியேற்றியிருந்தது. எண்ணைப் பார்ப்பதா, கோப்பையைப் பார்ப்பதா என்று அங்கே வருடம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். நம்ம ஊரில் அந்த இடம் ரெய்டருக்கு.

பாயின்ட் மட்டும் பார்த்தால் என்ன தப்பு?

ரூல்ஸ் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. தொட்டுவிட்டு வந்தால் ஆளுக்கு ஒரு பாயின்ட். களத்தில் ஆறு அல்லது ஏழு டிஃபெண்டர்கள் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி கால் வைத்து, பின்னங்காலைக் காற்றில் தூக்கினால் போனஸ் பாயின்ட். ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ‘டூ ஆர் டை’. அதில் பாயின்ட் எடுக்காவிட்டால் போனவர் அவுட். ஒரே ரெய்டில் மூன்று பாயின்ட்டோ அதற்கு மேலோ எடுத்தால் அது சூப்பர் ரெய்டு. ஒரு மேட்ச்சில் ரெய்டில் மட்டும் பத்து எடுத்தால் சூப்பர் 10.

இப்போது ஒரு கணக்கு. கற்பனையான இரண்டு பேர். முதல் ஆள் 20 ரெய்டு போகிறார், 10 பாயின்ட் எடுக்கிறார், ஏழு முறை பிடிபடுகிறார். இரண்டாவது ஆள் 14 ரெய்டு போகிறார், 8 பாயின்ட், இரண்டு முறைதான் பிடிபடுகிறார். டிவியில் முதல் ஆளுக்கு ‘சூப்பர் 10’ என்று தங்க நிறத்தில் எழுத்து வரும். இரண்டாவது ஆளுக்கு எதுவும் வராது. ஆனால் முதல் ஆள் எதிரணிக்குக் குறைந்தது ஏழு பாயின்ட் கொடுத்திருக்கிறார். அணிக்கு நிகர லாபம் மூன்றுதான். இரண்டாவது ஆளின் லாபம் ஆறு. போதாததற்கு, பிடிபட்ட ரெய்டர் வெளியே உட்கார வேண்டும். சக வீரர்கள் பாயின்ட் எடுத்து அவரை உள்ளே கொண்டுவரும் வரை அணி தன் முக்கியமான ஆள் இல்லாமல்தான் ஆடும்.

அதனால் இந்த வரிசைக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் இது: மொத்த பாயின்ட்டைவிட ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவு, எத்தனை முறை பிடிபடுகிறார், டூ ஆர் டையில் அவரை நம்பி அனுப்பலாமா, ஒரு சீசனோடு நின்றாரா அல்லது தொடர்ந்தாரா. கோப்பைக்கும் கொஞ்சம் மார்க் உண்டு. முழு மார்க் கிடையாது, ஏனென்றால் கோப்பையைப் பிடிப்பதில் டிஃபெண்டர்களின் பங்கு பெரிது.

முதல் இரண்டு இடம்

பதினொன்றாவது சீசனில் (2024) பாட்னா பைரேட்ஸில் இரண்டு இளைஞர்கள் ஒன்றாக ஆடினார்கள். ஒருவர் தேவாங்க் தலால், இன்னொருவர் அயான் லோச்சாப். அந்த சீசனில் தேவாங்க் 25 மேட்ச்சில் 301 ரெய்டு பாயின்ட். சராசரியாக மேட்ச்சுக்கு 12. இது சாதாரண விஷயமில்லை. சூப்பர் 10 என்பது மற்றவர்களுக்கு நல்ல நாள், அவருக்கு அது தினசரி வேலை. பாட்னா இறுதிப்போட்டி வரை போனது. அங்கே ஹரியானா ஸ்டீலர்ஸ் தடுப்பாட்டத்தில் மாட்டி 32-23 என்று தோற்றது.

அடுத்த ஏலத்தில் பெங்கால் வாரியர்ஸ் 2.205 கோடி ரூபாய் கொடுத்து தேவாங்கை அள்ளிக்கொண்டு போனது. கேப்டன் பதவியும் கொடுத்தது. உயரம், நீளமான கை, ஓடிவந்து தொட்டுவிட்டுப் பின்வாங்கும் வேகம் எல்லாம் அப்படியே இருந்தது. கூட ஆடும் இரண்டாவது ரெய்டர்தான் பாட்னாவில் இருந்த அளவுக்கு இல்லை. பெங்கால் முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை.

அயானின் கதை நேர்மாறானது. பதினொன்றாவது சீசனில் அவர் தேவாங்கின் நிழலில் இருந்தார். எதிரணி கார்னர்கள் தேவாங்கைத்தான் குறிவைத்தார்கள், அயானுக்கு இடம் கிடைத்தது. பன்னிரண்டாவது சீசனில் அந்த நிழல் போய்விட்டது. எல்லா அணியும் அவரைப் பிடிக்கத்தான் திட்டம் போட்டன. அப்போதுதான் 316. சீசனின் தொடக்கத்தில் தடுமாறிய பாட்னா, கடைசிக் கட்டத்தில் வரிசையாக ஜெயித்து உள்ளே நுழைந்ததற்கு அவரைத் தவிர வேறு பெரிய காரணம் சொல்ல முடியாது. தெலுங்கு டைட்டன்ஸிடம் எலிமினேட்டரில் தோற்றபோதுதான் அந்த ஓட்டம் நின்றது. அன்று பரத் ஹூடா ஆடிய ஆட்டத்துக்கு முன்னால் யார் வந்திருந்தாலும் கஷ்டம்தான்.

நம்பர் 1, அயான் லோச்சாப். நம்பர் 2, தேவாங்க் தலால். சுமை கூடியபோது அணியையும் மேலே இழுத்தவர் அயான் என்பதுதான் வித்தியாசம். அடுத்த சீசனில் இது தலைகீழாக மாறினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: பிரதீப் நர்வால் ஐந்தாவது சீசனில் எடுத்த 369 இன்னும் அப்படியே நிற்கிறது. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

கோப்பை வைத்திருப்பவர்

மூன்றாவது இடம் அஷு மாலிக்குக்கு. டெல்லி அவரைத் தக்கவைக்க 1.90 கோடி கொடுத்தது. கேப்டனாக்கியது. கோப்பை வந்தது. ‘அப்போ அவர்தானே முதல் இடம்?’ என்று டெல்லி ரசிகர்கள் கேட்பார்கள். இறுதிப்போட்டியை மறுபடி பார்த்தால் பதில் கிடைக்கும். அன்று டெல்லியைக் கரை சேர்த்தது ஒற்றை ஆள் இல்லை. ரெய்டில் நீரஜ் நர்வால், அஜிங்க்யா பவார், பின்னால் ஃபசல் அட்ராச்சலி என்று வேலை பங்கிடப்பட்டிருந்தது. அஷுவின் பலமே அதுதான். தேவையில்லாத ரெய்டில் ஹீரோ ஆக மாட்டார். நேரம் கடத்த வேண்டும் என்றால் கடத்துவார். ரீல்ஸில் இது வராது.

அர்ஜுன் தேஷ்வால், அப்புறம் நம்ம தலைவாஸ்

நான்காவது இடத்தில் அர்ஜுன் தேஷ்வாலை வைத்தால் விழுப்புரம் பக்கத்தில் திட்டு விழும். பரவாயில்லை. ஒன்பதாவது சீசனில் (2022) ஜெய்ப்பூருக்காக 296 ரெய்டு பாயின்ட், தொடரின் சிறந்த வீரர் விருது, கோப்பை. மூன்றும் ஒரே வருடத்தில். அடுத்த வருடம் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பதினொன்றாவது சீசனில் அது 227 ஆகக் குறைந்தது. பிறகு 1.405 கோடிக்கு தமிழ் தலைவாஸ் வாங்கியது.

திட்டம் காகிதத்தில் பிரமாதம்: ஒரு பக்கம் அர்ஜுன், மறுபக்கம் பவன் செராவத். முதல் மேட்ச்சில் டைட்டன்ஸை 38-35 என்று ஜெயித்தபோது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் மஞ்சள் ஆனது. செப்டம்பரில் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி பவனை அணி வீட்டுக்கு அனுப்பியது. அதன்பிறகு முழு பாரமும் அர்ஜுன் தலையில். தலைவாஸ் முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை. ஒரு பக்க ரெய்டை மட்டும் எதிர்பார்த்து நிற்கும் தடுப்பாட்டத்துக்கு எதிராக அவர் எடுத்த பாயின்ட்டுகளுக்கு மதிப்பு அதிகம். அதனால்தான் நான்கு, இல்லாவிட்டால் இன்னும் கீழே போயிருப்பார்.

இங்கே கொஞ்சம் நின்று தலைவாஸின் பர்ஸைப் பார்க்கலாம். ஒன்பதாவது சீசனுக்கு முன் பவனுக்கு 2.26 கோடி. பதினொன்றுக்கு முன் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. பன்னிரண்டுக்கு முன் அர்ஜுன். அதாவது, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய ரெய்டர். 2017-ல் ஐந்தாவது சீசனில் நுழைந்ததிலிருந்து இந்த அணி ஒரே ஒரு முறைதான் அரையிறுதி பார்த்திருக்கிறது. அது எப்போது தெரியுமா? 2.26 கோடி பவன் முதல் மேட்ச்சிலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறிய அந்த ஒன்பதாவது சீசனில்.

அவர் இடத்தில் ஏறி வந்தது நரேந்தர் கண்டோலா என்ற புதுமுகம். முதல் சீசனிலேயே 243 ரெய்டு பாயின்ட். ஆனால் அந்த அணியை உண்மையில் தாங்கியது பின்னால் நின்ற சாகர், சாஹில் குலியா, தமிழ்நாட்டு வீரர் எம்.அபிஷேக் போன்ற டிஃபெண்டர்கள். அரையிறுதியில் புனேயிடம் 39-37 என்று தோற்றது இரண்டே பாயின்ட்டில். தலைவாஸ் நிர்வாகம் இந்த ஒரு சீசனில் இருந்து கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாவது இடத்துக்கு அடிதடி. பரத் ஹூடா, அஸ்லம் இனாம்தார், பெங்களூரு புல்ஸின் ஈரான் வீரர் அலிரேசா மிர்சயான் என்று மூன்று பேர். மூவருமே பிடிக்கவும் செய்வார்கள் என்பதால் வெறும் ரெய்டராகப் பார்ப்பது நியாயமில்லை. எலிமினேட்டர் ஆட்டம் ஒன்றுக்காகவே பரத்துக்குக் கொடுத்துவிடலாம். ஒரே மேட்ச்சில் 39 ரெய்டு பாயின்ட் எடுத்த (2019) பவனுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. சீசனை முடிக்காதவரை ‘இப்போதைய’ பட்டியலில் வைக்க முடியாது, பழைய பட்டியல் போட்டால் முதல் மூன்றில் வருவார்.

தமிழ்ப் பெயர் எங்கே?

முதல் ஐந்தில் ஒரு தமிழ்நாட்டு ரெய்டர்கூட இல்லை. பெரும்பாலும் ஹரியானாவும் அதை ஒட்டிய பகுதிகளும்தான். ஆளே இல்லையா என்றால், இருந்தார்கள். கே.பிரபஞ்சன் பல அணிகளில் ஆடினார். வி.அஜித்குமார், அர்ஜுன் தேஷ்வாலோடு சேர்ந்து ஜெய்ப்பூர் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஆனால் அணியின் முதல் ரெய்டர், கோடியில் விலை என்ற இடத்துக்கு யாரும் தொடர்ந்து வரவில்லை.

காணும் பொங்கலுக்கு மயிலம், ஒலக்கூர், மரக்காணம் பக்கம் போனால் கபடிக்குப் பஞ்சமே இல்லை. விடிய விடிய மேட்ச் நடக்கும். ஆனால் அது மண் தரை, வெறுங்கால். புரோ கபடி நடப்பது மேட்டில், ஷூவோடு. மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கும், அந்தச் சறுக்கலையே ரெய்டர் பயன்படுத்திக்கொள்வார். மேட்டில் கால் பிடித்து நிற்கும். திரும்பும் விதமே வேற. 18 வயதில் முதல் முறையாக மேட்டில் ஏறுபவருக்கு முதலில் வேலை வைப்பது கணுக்காலும் முழங்காலும்தான். சின்ன வயதிலேயே மேட்டில் பழகிய பையனோடு இவர் ஒரே செலக்‌ஷனில் நிற்க வேண்டும்.

இது வெறும் ரசிகர் சண்டை இல்லை என்பதும் இங்கேதான் தெரியும். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் அணிகளும் கபடிக்காரர்களை எடுக்கின்றன. கிராமத்து டோர்னமென்ட் கோப்பை அங்கே செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்தான் செல்லும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும், திருவாரூர் மாவட்டத்தின் அபினேஷுக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. இரண்டு பேரும் இந்தியச் சட்டை போட்ட பிறகுதான் ஊருக்கே பெயர் தெரிந்தது.

திண்டிவனம் பக்கத்து பையன் ரீல்ஸில் பார்ப்பது தேவாங்கின் சூப்பர் ரெய்டு. செலக்‌ஷனில் கோச் நோட்டில் எழுதுவது வேறு: எத்தனை ரெய்டு போனான், எத்தனை முறை பிடிபட்டான், டூ ஆர் டையில் என்ன செய்தான், அவுட் ஆகாதபோது பின்னால் நின்று செயின் பிடித்தானா. பன்னிரண்டாவது சீசனில் லீக் ஆட்டம் சமனில் முடிந்தால் ஆளுக்கு ஐந்து ரெய்டு டைபிரேக்கர் என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு ஒரே ஒரு சூப்பர் ஸ்டார் போதாது, ரெய்டு போகத் தெரிந்த ஐந்து பேர் வேண்டும். நான்காவது, ஐந்தாவது ரெய்டருக்கும் இனி ஏலத்தில் தேவை இருக்கும். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு முதலில் திறக்கக்கூடிய கதவு அந்த இடம்தான்.