தடத்தை மூடினால் சாலை ஆகாது

புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் நிலம் மெல்ல உயர்ந்து செம்மண் மேடாகிறது. 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில் இந்த மேட்டில்தான் இருக்கிறது. சுற்றிலும் இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம் போன்ற ஊர்கள். இங்கே கிளைச் சாலைகள் பல இன்னும் மண்சாலைகளே. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அவற்றில் இரண்டு நீளப் பள்ளங்கள் விழுந்திருக்கும். ஒரு லாரி கிராவல் கொட்டி, ஜேசிபி பக்கெட்டைத் தரையில் அழுத்தி ரிவர்ஸில் இழுத்துவிட்டால் சாலை புதுசு போலத் தெரியும். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே பள்ளம். உடனே மண்ணைக் குறை சொல்வோம். கெட்டுப்போனது சாலையின் வடிவம்; அதை மீட்க டிராக்டரில் மாட்டும் பிளேடும், பின்னால் நடந்தபடி ஓட்டும் சின்ன ரோலரும் போதும்.

செம்மண்ணில் மணலும் களியும் கலந்திருக்கின்றன. காய்ந்த களி மணலை இறுகப் பிடித்துக்கொள்ளும். நீர் இறங்கினால் பிடி தளரும். தளர்ந்த மண்ணைச் சக்கரம் அமுக்கி இருபுறமும் பிதுக்க, தடம் விழுகிறது. அடுத்த மழைக்கு அந்தத் தடமே வாய்க்கால். ஓடும் நீரின் ஆழம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் மண்ணை அரிக்கும் வலு அதைவிட அதிகமாகக் கூடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கு எந்த மண்சாலையும் ஈடுகொடுக்காது. ஆனால் சாதாரண மழைக்கே சாலை கரைகிறதென்றால், நீர் அதன்மேல் தங்குகிறது என்றே பொருள். மண்சாலையின் நடு உயர்ந்து, ஓரத்தை நோக்கி மீட்டருக்கு 4 செ.மீ. அளவாவது சரிய வேண்டும். தார்ச்சாலைக்கு இதில் ஏறத்தாழப் பாதி போதும். இது புதிய கண்டுபிடிப்பல்ல: சாலையின் முதுகு வளைந்திருக்க வேண்டும், பராமரிப்பு இடைவிடாது நடக்க வேண்டும் என்று பிரெஞ்சுப் பொறியாளர் திரேசாகே 1775-லேயே வலியுறுத்தினார். ஜேசிபி பக்கெட்டின் விளிம்போ நேர்கோடு. அது இழுத்த இடம் தட்டையாகிவிடும். வழித்த மண் ஓரத்தில் வரப்பாகக் குவிந்து, வெளியேற வேண்டிய நீரை உள்ளேயே மறிக்கும். ஆண்டுக்காண்டு வழிக்க வழிக்கச் சாலை வயலைவிடத் தாழ்ந்து, கடைசியில் ஓடையாகவே மாறிவிடும்.

பள்ளத்தில் கொட்டிய புது மண் ஏன் நிற்பதில்லை? அடியில் இறுகிய வழவழப்பான தடத்தோடு அது ஒட்டுவதில்லை. பள்ளம் 10 செ.மீ. ஆழமென்றால், சாலையின் முழு அகலத்தையும் அதைவிடச் சற்று ஆழமாகக் கிளற வேண்டும். பிறகு பிளேடைச் சாய்த்து ஓரத்து மண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து முதுகை எழுப்பலாம். கல் குறைவான இடத்தில் வானூர் வட்டாரக் குவாரி ஜல்லியைக் கலந்துகொள்ளலாம்; களியில்லாத வெறும் ஜல்லி மட்டும் உருண்டு ஓடிவிடும். இறுக்குவதற்கு ஈரம் முக்கியம். ஒவ்வொரு மண்ணும் குறிப்பிட்ட ஈரத்தில்தான் மிக நெருக்கமாக இறுகும் என்பதை 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் காட்டினார். சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும். கீழே போட்டால் சில துண்டுகளாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, கையில் ஒட்டினால் அதிகம். வழக்கமாக மழைக்கு முன் புரட்டாசியில் அவசரமாக வேலை நடக்கிறது, மண் மாவாக இருக்கும்போது. மழை ஓய்ந்த மார்கழி, தையில் ஈரம் இலவசமாகவே கிடைக்கிறது.

சின்ன ரோலருக்கு எடை போதாது என்பார்கள். 30 செ.மீ. மண்ணை ஒரே அடுக்காகக் கொட்டினால் போதாதுதான், 10 செ.மீ.க்கு மிகாத அடுக்குகளாகப் பரப்பினால் அதிர்வோடு உருளும் சின்ன ரோலரே இறுக்கிவிடும். குறுகலான சாலையில் மரத்தையும் வேலியையும் இடிக்காமல் திரும்பவும் அதுவே வசதி. ஒரேயடியாகத் தார் போடலாமே என்ற கேள்வியும் நியாயமானது. நாள் முழுக்கப் பேருந்தும் லாரியும் ஓடும் இடத்தில் தார்தான் சரி. அங்கே மண்சாலையைத் திரும்பத் திரும்பச் சீராக்குவதே வீண்செலவு. வண்டி குறைந்த கிளைச் சாலையில், அதே தட்டையான, தாழ்ந்த மண்மேல் தார் பூசினால் ஓரத்தில் தேங்கும் நீர் அடியில் புகுந்து அதையும் பெயர்க்கும். செலவு மட்டும் பல மடங்கு. எப்படியானாலும் மண்சாலையில் ஆண்டுக்கொரு முறை பிளேடு ஓடத்தான் வேண்டும். அது ஓடிய பிறகு ஓரத்தில் வரப்பு மிஞ்சியிருந்தால், சரிவு பார்த்து ஆங்காங்கே மண்வெட்டியால் வெட்டி, நீரை வயலுக்கோ குட்டைக்கோ திருப்பிவிட வேண்டும். இந்த வேலைக்கு இயந்திரமே வேண்டாம், இரண்டு ஆள் போதும்.